இருபத்திரண்டு வீட்டு முந்திரிக்கொத்து

என் வீட்டுக்காரருக்கு நீரிழிவு என்று தெரிந்தது, சுதந்திரம் வந்ததற்கு அடுத்த வருஷம் நவம்பர் மாதத்தில். மிஷன் ஆஸ்பத்திரியில் அவருடைய சிறுநீரை ஒரு நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார்கள். நீலம் போய்ச் செங்கல் நிறம் வந்தது. டாக்டர் அந்தக் குழாயை எங்கள் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். முப்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு நோயா என்று எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அழுகையெல்லாம் பிறகுதான் வந்தது.

டாக்டர் பயமுறுத்தவில்லை. சோற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டும், மரச்சீனிக் கிழங்கைத் தொடக் கூடாது, தினமும் மூன்று மைல் கை வீசி நடக்க வேண்டும், காலில் சின்னக் காயம் பட்டாலும் உடனே வந்து காட்ட வேண்டும் என்றார். கிறிஸ்துமஸ் வருகிறதே என்று நான் இழுத்தேன். "பண்டியலுக்கு ஆசைக்கு ஒண்ணு தின்னட்டும். ஒண்ணுதான், கேட்டேளா?" என்று ஒரு விரலைக் காட்டினார்.

திரும்பி வரும் வழியிலேயே இவர் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். "ஊர்ல ஒருத்தருட்டயும் சொல்லப்பிடாது." இவர் எங்கள் சபையின் உபதேசியார். போதகர் மாதம் ஒரு தரம் வந்து போவார். மற்ற நாளெல்லாம் பிரசங்கம், ஜெபம், சீக்காளி வீட்டுக்குப் போவது எல்லாம் இவர்தான். ஊரார் தீனம் தீர ஜெபிக்கிறவனுக்கே தீனமா என்று பேசுவார்கள், மேலிடத்துக்குத் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தார். எனக்கு அது முட்டாள்தனமாகப் பட்டது. ஆனாலும் சரி என்று தலையாட்டினேன். இன்றுவரை என்னை அரிப்பது அந்தத் தலையாட்டல்தான்.

டாக்டர் சொன்னபடி கேட்டார், அதில் குறை சொல்ல முடியாது. விடிந்ததும் குளத்தங்கரை வழியாக நடை. மதியம் அளந்த சோறு, மோர், கீரை. இரவில் கேப்பைக் கூழ். ஒரே மாதத்தில் முகம் தெளிந்தது, நடையில் பழைய விறைப்பு வந்தது. நான் கூடக் கொஞ்சம் மெலிந்தேன். அவர் முன்னால் நான் மட்டும் எப்படி மூக்கு முட்டத் தின்பது?

பிறகு கிறிஸ்துமஸ் வந்தது.

எங்கள் சபையில் அப்போது இருபத்திரண்டு வீடுகள். கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் உபதேசியார் சம்சாரத்தோடு ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். பாய் போட்டிருப்பார்கள். ஜெபம் பண்ணியதும் தட்டு வரும். அச்சுமுறுக்கு இருக்கும், பழம் இருக்கும், ஆனால் மரியாதைக்குரியது முந்திரிக்கொத்துதான். சிறுபயறை வறுத்து, திரித்து, கருப்பட்டிப் பாகில் தேங்காயோடு உருட்டி, அரிசிமாவில் முக்கிப் பொரிப்பது. அதை எடுத்து அங்கேயே உட்கார்ந்து தின்ன வேண்டும். தின்னாவிட்டால் அந்த வீட்டை மதிக்கவில்லை என்று அர்த்தம்.

அதிலும் வாய்க்கால் கரையில் இருந்த நான்கு வீடுகளின் விஷயம் வேறு. அவர்கள் கடைசியாகச் சபையில் சேர்ந்தவர்கள். மேலத்தெருக்காரர்கள் அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடுவார்கள், ஒரே பாயில் உட்கார்ந்து தின்ன மாட்டார்கள். இவருக்கு முன்னால் இருந்த உபதேசியார் அந்த வீடுகளில் கொடுத்ததைச் சிரித்த முகத்தோடு வாங்கி, இலையில் பொதிந்துகொண்டு போய், திருப்பத்தில் வாய்க்காலில் எறிந்துவிட்டார். அது அவர்கள் வீட்டுப் படித்துறைக்கே மிதந்து வந்து சேர்ந்தது. இவர் வந்த முதல் கிறிஸ்துமஸில் அந்தப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தின்றார். அதன் பிறகு அந்த நாலு வீட்டுக்காரர்களும் இவருக்காக உயிரையும் கொடுப்பார்கள்.

ஆகவே நோய் தெரிந்த அந்த முதல் கிறிஸ்துமஸிலும் இவர் இருபத்திரண்டு வீட்டிலும் தின்றார். வழியெல்லாம் நான் முழங்கையால் இடித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். அவரோ, "டாக்டர் ஒண்ணுதான் சொன்னாரு. நானும் ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான தின்னேன்?" என்றார். அது விளையாட்டுப் பேச்சு இல்லை, உண்மையாகவே அப்படித்தான் கணக்கு வைத்திருந்தார். "சீனியா தின்னேன்? கருப்பட்டிதான" என்று வேறு சொன்னார். ரேஷன் காலம், சீனி கண்ணில் படுவதே அபூர்வம். பிள்ளை பெற்றவளுக்கும் இருமல்காரனுக்கும் கருப்பட்டியைத்தான் மருந்தாகக் கொடுத்தோம். அது ஆளைக் கெடுக்கும் என்று எங்கள் பக்கத்தில் யார் நம்புவார்கள்? நானும் நம்பவில்லை.

ஜனவரியில் வலது காலில் செருப்புக் கடித்தது. அது ஆறவில்லை. கறுத்தது, நாறியது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். முள் தைத்துப் புரையோடிவிட்டது என்று ஊருக்குச் சொன்னோம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கருப்பட்டியும் சீனியும் ஒன்றுதான், இன்னொரு தரம் இப்படி வந்தால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

அந்த வருஷம் முழுவதும் அவரைக் காவல் காத்தேன். புண் ஆறியதும் மறுபடி நடந்தார், முதலில் கோலூன்றி, பிறகு கோலில்லாமல். பழையபடி முகம் தெளிந்தது. டிசம்பர் பிறந்ததும் எனக்குத் தூக்கம் போயிற்று. அவரிடம் பேசிப் பயனில்லை. அதனால் அவருக்குத் தெரியாமல் நானே ஒவ்வொரு வீடாகப் போனேன். "இந்த வருசம் உபதேசியாருக்குத் தட்டு வைக்கண்டாம். கருப்பட்டி போடாம ஒரு கடுங்காப்பி குடுத்தா போரும்" என்றேன். காரணம் கேட்டவர்களிடம், "அவ்வளவுதான், வேண்டாம்" என்றேன். சத்தியம் செய்திருந்தேனே. மேலத்தெருவில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு தட்டு மிச்சம் என்றுகூடச் சிலர் நினைத்திருப்பார்கள்.

வாய்க்கால் கரையில் மூன்று வீட்டில் சொல்லிவிட்டுக் கடைசி வீட்டுக்கு வந்தேன். அங்கே ஒரு விதவை இருந்தாள், என் வயதுதான் இருக்கும். முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதும் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சரி அம்மா" என்று மட்டும் சொன்னாள். வந்த வேலை முடிந்தது என்று நான் நிம்மதியாக வீட்டுக்கு நடந்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று பதினெட்டு வீட்டில் கடுங்காப்பி குடித்தோம். நாலாவது வீட்டிலேயே இவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் கேட்கவில்லை, உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார் என்றுகூட நினைக்கிறேன். வாய்க்கால் கரைக்கு வந்தோம். முதல் மூன்று வீட்டிலும் கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டும் யாரும் வரவில்லை. கடைசி வீட்டு முற்றத்தில் அந்த விதவை நின்றுகொண்டிருந்தாள். பாய் இல்லை.

"பாய் போடல்லியா?" என்று இவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

அவள் சிரிக்கவில்லை. "முன்ன இருந்தவரு வாங்கிட்டுப் போய் எறிஞ்சாரு. நீங்க வாங்காமலே எறிஞ்சிட்டிய" என்றாள்.

இவர் முகம் வெளுத்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, நீ இங்க வந்து என்ன சொன்ன?"

சாத்தியிருந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எல்லாரும் வெளியே வந்து நின்று கேட்டார்கள். அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? நீரிழிவு, டாக்டர் சொன்னது, வெட்டிய விரல், எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு வேண்டாம் என்று மேலத்தெருவிலும்தான் சொன்னேன் என்றேன். இவர் குனிந்து, செருப்புக் கடிக்காமலிருக்கக் காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். விரல் இல்லாத அந்த இடத்தை எல்லாரும் பார்த்தார்கள். ஒரு கிழவர், "இத முன்னமே சொல்லியிருக்கலாம்லா உபதேசியாரே" என்றார். அப்பாடா, சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

விதவை உள்ளே போனாள். பாயும் தட்டுமாக வந்தாள். சுடாமல் இருக்கவில்லை, தட்டு நிறைய முந்திரிக்கொத்து இருந்தது. இவர் உட்கார்ந்து கையை நீட்டினார். அவள் தட்டைத் தள்ளிப் பிடித்தாள்.

"உங்களுக்கு வேண்டாம். நீங்க தீனக்காரரு, உங்க காலு எங்களுக்கு வேணும்" என்றாள். தட்டை என் முன்னால் வைத்தாள். "அம்மைக்கு ஒரு தீனமும் இல்லல்லா? நீங்க தின்னுங்க."

அந்தச் சபைக்கு வந்து ஐந்து வருஷம். கிறிஸ்துமஸ்தோறும் இவர் பக்கத்தில் அந்தப் பாயில் உட்கார்ந்தவள்தான் நான். என் பங்கை முந்தானையில் முடிந்துகொண்டு, பிறகு தின்கிறேன் என்று சிரிப்பேன். வீட்டுக்கு வந்து கோழிக்குப் போடுவேன். இவருக்கே அது தெரியாது. யாருக்கும் தெரியாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு நான் போய் வேண்டாம் என்று சொன்னபோது, யாருடைய வாய்க்கு வேண்டாம் என்கிறேன் என்று அவள் நினைத்திருப்பாள்?

ஒன்றை எடுத்தேன். பல்லில் கடிபட மறுத்தது. இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்; பார்க்கப் பார்க்க அவருக்கும் விளங்கிவிட்டது. நான் மென்று, விழுங்கி, வாயைத் துடைக்கும்வரை அவள் நகரவில்லை.

"ஒண்ணு போருமா அம்மா?" என்று கேட்டாள்.

போதும் என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இவருக்கு அதற்குப் பிறகு கால் பழுதாகவே இல்லை. அறுபது வயது தாண்டியும் தினம் மூன்று மைல் நடந்தார். அந்த நாலு வீட்டுக்காரர்களும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கோயிலுக்கு வந்தார்கள். வாசலில் நின்று இவருடைய காலைப் பற்றி ஒவ்வொருவராக விசாரித்தார்கள். நான் இவர் பக்கத்திலேயேதான் நின்றேன். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு வந்து சேரும்வரை இவரும் பேசவில்லை.