கீழ் வீட்டுக் கொலுவின் ஐந்தாவது படி

“நவராத்திரி மூன்றாம் நாள், புதன். பச்சைப்பயறு சுண்டல். வந்த குழந்தைகள் இரண்டு. மிச்சம் முக்கால் பாத்திரம்.”

என் கொலு நோட்டில் உள்ள குறிப்பு இது. கல்யாணமான வருஷத்திலிருந்து எந்த நாள் என்ன சுண்டல், யார் வந்தார்கள், என்ன பாடினார்கள் என்று எழுதி வருகிறேன். முந்தைய பக்கங்களில் ‘மிச்சம்’ என்ற சொல்லே கிடையாது. அடையாறில் எங்கள் குடியிருப்புக் குழந்தைகள் முதலில் ஏறி வருவது எங்கள் வீட்டுக்குத்தான். அதை ஒரு பதவி மாதிரி வைத்திருந்தேன்.

அந்த ஆடியில் கீழ் வீட்டுக்கு ஒரு ஜெர்மன் குடும்பம் குடிவந்தது. கணவன், மனைவி, ஆறு வயதுப் பெண். நவராத்திரி முதல் நாள் அந்தக் குழந்தை பாவாடை கட்டிக்கொண்டு மற்றவர்களோடு வந்து, எங்கள் கொலு முன்னால் தன் ஊர்ப் பாட்டு ஒன்றைப் பாடியது. நான்தான் கொஞ்சி, ஒரு கரண்டி சுண்டல் கூடப் போட்டேன். மறுநாளே அவர்கள் வீட்டிலும் கொலு.

மூன்றாம் நாள் வந்த இருவரில் ஒருத்தி மேல்மாடிப் பெண். உட்காரவே இல்லை.

“ஆன்ட்டி, கவர்ல போட்டுக் குடுத்துடுங்களேன். கீழ ஆரம்பிச்சுடுவாங்க.”

என் பெண்ணும் அவளோடு இறங்கிப் போய்விட்டாள்.

நான்காம் நாள் எனக்கும் அழைப்பு வந்தது. சாமான் வந்த அட்டைப்பெட்டிகளை அடுக்கி வேட்டி விரித்திருந்தார்கள். மாட வீதியில் வாங்கிய மரப்பாச்சிகளுக்குப் பக்கத்தில் கம்பளிக் கரடி, மரக்குதிரை, ஒரு ரயில். ஹால் நிறையக் குழந்தைகள். எங்கள் வீட்டில் எவ்வளவு கெஞ்சியும் பாடாத பாட்டை என் பெண் அங்கே யாரும் கேட்காமலே பாடினாள்.

நான் படிகளை எண்ணினேன். நாலு. கொலுப்படி மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அந்த நாலு எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டியபடி அந்தப் பெண்மணி ஆங்கிலத்தில் கேட்டாள். “எல்லாம் சரியாக இருக்கிறதா? உங்களுக்குத்தான் தெரியும் என்று குழந்தைகள் சொன்னார்கள்.”

“எல்லாம் சரி” என்றேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் நாலு படியைச் சொல்லிச் சிரித்தேன். பெண் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவர் சிரிக்கவில்லை.

“கேட்டாளோல்லியோ, சொல்லியிருக்கலாமே.”

நோட்டில் ‘கீழ் வீடு, நாலு படி’ என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

ஆறாம் நாள் கீழே இறங்கிப் போய் எட்டிப் பார்த்தபோது படிகள் ஐந்து. பெட்டிகளுக்கு முன்னால் தாழ்வாக ஒரு மணை. மேலே விரித்த துணி விலகிய ஓரத்தில் பச்சைப் பெயின்ட் தெரிந்தது. எங்கள் பூஜை அறை மணை அது.

விஜயதசமிக்கு மறுநாள் கீழ் வீட்டுப் பெண்மணியே அதைத் துடைத்துக் கொண்டுவந்தாள். குழந்தைகள் முன்னால் தப்பென்று சொல்லாமல், அப்புறம் மணையை அனுப்பிவைத்தீர்களே, அதை மறக்கமாட்டேன் என்றாள். நான் மறுக்கவில்லை. மணையையும் நன்றியையும் வாங்கி உள்ளே வைத்தேன்.

ஆறாம் நாள் பக்கத்தில் ‘மணையைக் கொண்டுபோனது’ என்று எழுதி, எதிரே இடம் விட்டிருக்கிறேன். பெண்ணா, அவள் அப்பாவா என்று இதுவரை நான் கேட்கவில்லை. ஆகவே அது இன்னும் உறுதி செய்யப்படாத தகவல்.