ஓடினால்தான் அடையாளம்

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அக்காவுக்கு அப்போது ஏழு மாதம். வீட்டில் சும்மா உட்கார்ந்து அலுத்துப்போயிருந்தவளுக்கு நான் நாய்களைப் போட்டோ எடுப்பது நல்ல பொழுதுபோக்காகிவிட்டது. "நான் ஓட வைக்கிறேன், நீ எடு" என்று அவளாகவே டீக்கடையில் பொறை வாங்கிக்கொண்டு தெருமுனையில் போய் நின்றாள்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் சென்னையில் ஓவியக் கல்லூரி மாணவி. லீவு முடிந்து போகும்போது ஓட்டத்தைக் காட்டும் படங்கள் கொண்டுபோக வேண்டும். ஷட்டரை மெதுவாக வைத்து, ஓடுகிற நாயோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பினால் ஓட்டம் படத்தில் விழும் என்று படித்திருந்தேன். ஊரில் எங்கள் வீடு கிரிவலம் போகும் செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்தில் இருந்தது. அங்கே நாய்க்கா பஞ்சம்? வெள்ளைக்காரர்கள் பன் போட்டே வளர்த்த கூட்டம். அதில் ஒரு பழுப்பு நாய், அக்காவின் குரல் கேட்டால் போதும், விழுந்தடித்துக்கொண்டு வரும்.

ரோல் முடிகிற நேரத்தில் அது எம்பியது. பொறையோடு அக்காவின் விரலையும் சேர்த்துக் கவ்விவிட்டது. ரத்தத்தைப் பார்த்து நான் போட்ட கூச்சலில் அம்மா ஓடிவந்து கல்லை விட்டெறிந்தாள். நாய் மறைந்துவிட்டது. மறுநாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்கு மிரண்டு தெருநாய்கள் எல்லாம் மூலைக்கொன்றாகச் சிதறின.

"ஊசி போட்டுத்தாம்மா ஆகணும். குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. "அந்த நாயத் தேடிப் பாருங்க. கடிச்சு பத்து நாள் ஆகியும் நல்லா இருந்துச்சுன்னா மிச்ச ஊசிய நிறுத்திடலாம்."

அப்போதெல்லாம் நாய்க்கடி ஊசி தொப்புளைச் சுற்றித்தான். மேடிட்ட வயிற்றில் ஊசி இறங்குவதை என்னால் பார்க்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அக்கா ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு வயிற்றில் கையை வைத்துக் காத்திருப்பாள். "அசையுதாடி?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருப்பாள். அக்கா "ம்" என்று சொல்லும்வரை வீட்டில் யாரும் சோற்றில் கை வைக்க மாட்டோம். ஒருநாள் அந்த "ம்" சாயங்காலம்வரை வரவில்லை. அன்று விளக்கு வைத்த பிறகுதான் சோறு பிசைந்தோம்.

"போட்டோவாம் போட்டோ! நாயப் படம் புடிக்கத்தான் மெட்ராஸ் போய் படிக்கிறியா?" அம்மா என்னை விடவில்லை. "கீழ்பென்னாத்தூர்ல இவ மாமியாருக்குத் தெரிஞ்சா நான் இன்னாடி பதில் சொல்லுவேன்?" எனக்கும் கோபம் வந்தது. நானா அவளைப் பொறை வாங்கச் சொன்னேன்? ஆனால் கத்திச் சண்டை போடுகிற வீடாகவா அது இருந்தது அப்போது?

நாயை அடையாளம் காட்டவாவது உதவட்டும் என்று ரோலைக் கழுவக் கொடுத்தேன். ஸ்டூடியோக்காரர் பரிதாபமாகக் கவரை நீட்டினார். "எல்லாமே ஆடிப்போயிருக்கும்மா. கைய ஆட்டாம புடிக்கணும்." டீக்கடைக்காரர் ஒரு படத்தைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது, நாயா? வேட்டி காத்துல பறக்குற மாதிரி கீது!" ஓட்டத்தை எடுத்தேன், நாயைக் கோட்டைவிட்டேன். தெருவில் பழுப்பு நாய்கள் ஒன்றா இரண்டா? எல்லாம் ஒரே மூஞ்சி.

ஒரு மத்தியானம் அக்கா படுத்தபடியே அந்தப் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள். "ஏய், இங்க பாரு. இந்தக் கால் மட்டும் கலையல."

ஆமாம். எல்லாப் படத்திலும் மூன்று கால்கள் புகையாகக் கலைந்திருந்தன. இடது பின்னங்கால் மட்டும் வயிற்றோடு மடங்கி, தெளிவாகத் தெரிந்தது. எங்கோ அடிபட்ட கால் போலிருக்கிறது. நடக்கும்போது அது நாலு காலையும் ஊன்றித்தான் நடக்கும், நானே பார்த்திருக்கிறேன். ஓடும்போது மட்டும் மூன்று கால், அந்த வேகத்தில் எங்கள் கண்ணுக்குப் பிடிபடவில்லை.

அப்புறம் என் வேலை, கண்ணில் பட்ட பழுப்பு நாயை எல்லாம் ஓட வைப்பது. பொறைப் பொட்டலத்தோடு ரோட்டில் அலைந்தேன். "கடி வாங்கினது அக்காவா, இந்தப் பொண்ணா?" என்று டீக்கடையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஓடிய நாய் எல்லாம் நாலு காலில் ஓடியது.  கடித்த நாய் எங்காவது செத்துக் கிடந்தால்? அதை நினைத்தால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாது.

பத்து நாள் தாண்டியது. ஒரு விடுதி வாசலில் நின்ற வேனுக்கு அடியில் ஒரு பழுப்பு நாய் படுத்திருந்தது. பொறையைக் காட்டினேன். எழுந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாலு காலில் நிதானமாக நடந்து போய் மறுபடி படுத்தது. எவ்வளவு கூப்பிட்டும் ஓடவில்லை. ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன்.

"நீ போவாத, நான் சொல்றேன் கேளு" என்று அம்மா கையைப் பிடித்தாள். அக்கா உதறிவிட்டுப் புறப்பட்டாள்.

நாயிடமிருந்து தள்ளி, ரோட்டோரமாக நின்றாள். கட்டுப் போட்ட கையில் பொறை. இன்னொரு கை வயிற்றில். "தோ... தோ..." என்று கூப்பிட்டாள்.  நாய் காதைத் தூக்கியது. எழுந்தது. நடந்தது. அப்புறம் ஓட ஆரம்பித்தது.

இடது பின்னங்கால் மேலே மடங்கியது.

பொறையைத் தரையில் போட்டுவிட்டு அக்கா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா, தெரியவில்லை. நாய் பொறையைக் கடித்துக்கொண்டிருந்தது. கேமரா என் கழுத்தில் தொங்கியது, மூடியைக்கூடக் கழற்றவில்லை. நான் போய் அவள் தோளைப் பிடித்தேன்.

"இருக்கோம்டீ" என்றாள் அக்கா, வயிற்றைத் தடவிக்கொண்டு, நாயைப் பார்த்தபடி. "மூணு பேரும் உயிரோடதான் இருக்கோம்."