பட்டாவை முந்திய முழங்கால்

சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கப்போகிறேன் என்றதும் மச்சாள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் என் கணவரின் தங்கை, என் வயதுக்காரி, அதே குழுவில் தானும் நடக்க வந்தவள். எனக்கு வலது முழங்காலில் ஒப்பரேசன் செய்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து வைத்த நேர்த்தி அது. கால் சரிவந்தால் முருகனிடம் நடந்தே வருவேன் என்று சொல்லியிருந்தேன்.

எங்கள் பைகளை ஒரு பட்டாவில், அதாவது சின்ன லொறியில், ஒவ்வொரு தங்கலுக்கும் கொண்டுபோய் இறக்க ஒழுங்கு செய்திருந்தோம். மச்சாள் மட்டும் தன் மூட்டையைத் தோளில் கட்டிக்கொண்டாள்.

"நேர்த்திக்கு நடக்கிறவ பையை வாகனத்திலை அனுப்பிறாவாம்!"

"நேர்த்தி வைச்சது என்ரை கால். பை இல்லையடி."

"பாப்பம். சாவகச்சேரிக்கு முதல் நீயும் பையோடை பையா ஏறுவாய்."

எனக்குச் சுருக்கென்று குத்தியது. எனக்கும் அதே பயம்தான் இருந்தது.

முதல்நாள் மத்தியானம் வழியில் ஒரு கோயிலில் அன்னதானம். சாப்பிட்டு எழும்பினால் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். பட்டாக்கார அண்ணை பைகளுக்கு மேல் படங்கை இழுத்துக் கட்டியபடி என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, முன்சீற் சும்மாதான் கிடக்கு. வாறியளோ?"

ஏறியிருக்கலாம், பார்க்க ஆளில்லை. ஆனால் எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப வாறன் அண்ணை" என்று கையைக் காட்டிவிட்டு, கோயிலின் பின்வாசலால் இறங்கி வயல்பாதையில் நடந்தேன். மனம் மாறி அவரைக் கூப்பிட்டுவிடுவேனோ என்று போனையும் நிறுத்திவிட்டேன்.

ஐயோ, அந்தப் பாதை! பத்தடி நடப்பேன், நிற்பேன். முருகனைக் கூப்பிட்டேன், ஏசினேன், திரும்பவும் கூப்பிட்டேன். ஒரு வீட்டில் மோர் தந்து, இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். இருந்தால் எழும்பமாட்டேன் என்று தெரியும். நின்றபடியே குடித்தேன்.

பொழுதுபடுகிற நேரம், அன்றிரவுத் தங்கலான சாவகச்சேரி மடத்து வாசலில் போய் நின்றேன். உள்ளே எல்லோரும் மாற்றுடுப்பு இல்லாமல், வியர்வையோடு குந்தியிருந்தார்கள். பட்டா வந்துசேரவில்லை.

"பட்டாக்காரர் இவ ஏறவேணுமெண்டு கோயிலடியிலை நிண்டவராம். மத்தியானம் போனிலை சொன்னவர். ஏறாமல் என்ன செய்வா, பாவம்," என்று மச்சாள் நடுவில் இருந்து விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைக் கண்டதும் என் முதுகுக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தாள்.

"எங்கை பட்டா?"

"எனக்கென்ன தெரியும்? நான் நடந்தெல்லோ வந்தனான்!"

அரை மணித்தியாலம் கழித்துப் பட்டா வந்தது. அண்ணை குதித்து இறங்கினார்.

"என்ன தங்கச்சி, வாறன் எண்டியள்! கை கழுவப் போட்டியளாக்கும் எண்டு எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டு நிண்டன்! பிறகு றோட்டு முழுக்கத் தேடித் தேடி வாறன்."

"நல்ல காரியத்துக்கு நடக்கேக்கை ஆரண்ணை 'போறன்' எண்டு சொல்லுவினம்?"

மடமே சிரித்தது. மச்சாள் சிரிக்கவில்லை. என் முன்னால் குந்தி, புழுதி அப்பிய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து வீக்கத்தைத் தடவினாள்.

"விசரி. முழுக்க நடந்தோ வந்தனீ?"

"முழுக்க," என்றேன். என் வாயால் சொல்லிக் கேட்டபோதுதான் எனக்கே அது உண்மை என்று பட்டது. கண்ணீர் பொலபொலவென்று கொட்ட, மடம் அதிர "அரோகரா!" என்று கத்தினேன்.