தளிர்ப் பச்சை

எட்டு வருஷம் வலையோடு ஆனைமலைக் காட்டில் அலைந்தும் எனக்குப் புதுப் பூச்சி ஒன்றுகூட அகப்பட்டதில்லை. கோயமுத்தூரில் எங்கள் பூச்சி ஆராய்ச்சி ஆபீசில் புதிதாகச் சேர்ந்த மாரப்பனுக்கு முதல் பயணத்திலேயே அகப்பட்டது. இலை நரம்பும் புழு தின்ற ஓட்டையும் அப்படியே இறக்கையில் வாய்த்த வெட்டுக்கிளி. எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. எனக்கு வயிறு எரிந்தது.

மலைக்காய்ச்சலோடு இறங்கி வந்தவன், ஆபீசில் படம் வரைகிற என்னிடம் தகர டப்பாவைக் கொடுத்தான். "ஏனுங்கண்ணா, செத்தா நெறம் போயிருமுங்க. உசுரோட இருக்கறப்பவே வரஞ்சுபோடுங்க."

திறந்து பார்த்தேன். தளிர்ப் பச்சை. மூடி வைத்துவிட்டேன். அது செத்துக் காய்ந்து பழுப்பான பிறகுதான் தூரிகையை எடுத்தேன்.

காய்ச்சல் விட்டு வந்தவன் படத்தைப் பார்த்துத் திகைத்தான். "பச்சையா இருந்துச்சுங்களே?"

"உசுரோட இருக்கறப்ப வரஞ்சதுதான் கண்ணு. காய்ச்சல்ல உனக்குப் பச்சையாத் தெரிஞ்சிருக்கும்."

"நீங்க சொன்னாச் சரிங்கண்ணா." தன் கட்டுரையில் பச்சையை அடித்துவிட்டுச் சருகு நிறம் என்று எழுதினான். அது கப்பலில் சீமைக்குப் போய் அச்சாகி வந்தது. கடைசி வரியில் எனக்கு நன்றி சொல்லியிருந்தான்.

இன்னொன்றைத் தேடி அவன் மறுபடி மலையேறியபோது நானும் போனேன். என் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் குனிந்து சருகுகளைப் புரட்டினான். அவன் தலைக்கு மேலே பச்சைக் கொப்பில் அது உட்கார்ந்திருந்தது.

இத்தனை வருஷம் காட்டில் அலைந்து என் கண்ணில் பட்ட முதல் அதிசயம். நான் வாயைத் திறக்கவில்லை.