ஒன்பதாம் நம்பர் பஸ்ஸை நிறுத்தின ரெண்டு கை

வின்னி கிளெக் கோவம் வந்தா கத்தற ஆளு இல்ல. கத்தறவங்க கோவம் சீக்கிரம் அடங்கிடும். அவளோடது அடுப்புல சின்னத் தீயில வச்ச சூப்பு மாதிரி, மாசக்கணக்கா கொதிச்சுக்கிட்டே இருக்கும். நான் அவளுக்குப் பக்கத்து வீடு. குப்பை வண்டியில வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். அவ டெப்போவுல பஸ்ஸு கழுவினவ. ஒரு தடவை சீட்டுக்கு அடியில ஒட்டியிருந்த சூயிங்கம்மைச் சுரண்டி எடுத்து, எந்தப் பய ஒட்டினான்னு விசாரிச்சு, மறுநாள் அவன் ஏறும்போது அதை அவன் உள்ளங்கையில வச்சு அழுத்தினா. "உன்னோடது ராசா, மறந்துட்டுப் போயிட்ட"ன்னா. அவ்வளவுதான் பேச்சு.

எங்க காலனி மேட்டு மேல. டவுனு கீழ பள்ளத்துல. ஆஸ்பத்திரி அந்தாண்ட மேட்டுல. மூணையும் சேத்தது ஒன்பதாம் நம்பர் பஸ்ஸு ஒண்ணுதான். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல இருக்கற முதியோர் இல்லத்துலதான் வின்னி புருஷன் ஆல்ஃப் இருந்தான். அவனுக்கு ஞாபகம் எல்லாம் போயிடுச்சு. யாரு ஊட்டினாலும் வாயை இறுக்கி மூடிக்குவான். வின்னி போய் பக்கத்துல உக்காந்து, பஸ்ஸுல கண்டக்டர் கேக்கற மாதிரி, "தொற, டிக்கெட்டு எடு"ம்பா. தொறப்பான். மத்தியான பஸ்ஸுல போவா, அரிசிப் பாயசத்தை ஊட்டி முடிச்சுட்டு சாயங்கால பஸ்ஸுல வருவா. தினமும் இதேதான்.

அந்த பஸ்ஸைத்தான் கவுன்சில் நிறுத்திச்சு. செலவைக் கொறைக்கணுமாம். தீர்மானம் போட்ட அன்னிக்கு வின்னி பொதுமக்கள் வரிசையில உக்காந்து பாத்திருக்கா. "யாரெல்லாம் சம்மதம்?"னு கேட்டதும் எங்க வார்டோட சிவப்புக் கட்சி கவுன்சிலர் ட்ரெவர் டாட்டர்சால் கையைத் தூக்கினான். பக்கத்து வார்டோட நீலக் கட்சி கவுன்சிலர் ஃபிலிப்பா ஹோல்ட்டும் கையைத் தூக்கினா. ரெண்டு கையும் ஒண்ணாத்தான் மேல போச்சு. வின்னி கண்ணால பாத்தா.

அப்புறம் டாக்ஸியில வாரத்துக்கு ஒரு தரமோ ரெண்டு தரமோதான் அவளால போக முடிஞ்சுது. ஆல்ஃப் இளைச்சுக்கிட்டே போனான். பிப்ரவரியில ஒரு நாள் இல்லத்துலருந்து போன் வந்துச்சு, சீக்கிரம் வாங்கன்னு. பனி கொட்டுது, டாக்ஸிக்காரன் மேட்டுக்கு வர மாட்டேன்னுட்டான். வின்னி நடந்தே எறங்கினா. அவ போய்ச் சேர்றதுக்குள்ள அவன் போயிட்டான்.

அடக்கம் பண்ணின மறுநாள் கதவுச் சந்து வழியா ரெண்டு நோட்டீஸ் விழுந்துச்சு. ஒண்ணுல ட்ரெவர், ஒண்ணுல ஃபிலிப்பா. வரப்போற கவுன்சில் எலெக்‌ஷன்ல அவ எங்க வார்டுலயே அவனை எதுத்து நிக்கறா. ரெண்டு பேருமே எங்க காலி பஸ் ஸ்டாப் முன்னாடி நின்னு, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு, விரலை நீட்டிக் காட்டறாங்க. அவன் நோட்டீஸ்ல 'லண்டன் சர்க்கார்ல இருக்கற நீலக்காரங்க பண்ணின வேலை'ன்னு இருந்துச்சு. அவ நோட்டீஸ்ல 'கவுன்சில்ல சிவப்புக்காரங்க பண்ணின வேலை'ன்னு இருந்துச்சு.

வின்னி ரெண்டையும் பிரிட்ஜ் மேல ஒட்டினா. என்னைப் பாத்து, "கென்னு, இவங்கள்ல ஒருத்தர் வாயாலயாவது 'நான்தான் கை தூக்கினேன்'னு நான் கேக்கணும். கேக்காம விட மாட்டேன்"னா.

அந்த வாரமே ட்ரெவர் கதவைத் தட்டினான்.

"வின்னிம்மா, ஆல்ஃப் விஷயம் கேள்விப்பட்டேன். மனசே ஆறல. அந்த நீலக்காரங்க மட்டும் பணத்தை வெட்டாம இருந்தா..."

"ஆமா ராசா. என் ஓட்டு உனக்குத்தான். ஓட்டுப் போடற அன்னிக்கு ஒரு காரு மட்டும் அனுப்பு, முட்டி முடியல."

அவன் சந்தோஷமா பேரை எழுதிக்கிட்டான். மறுநாள் ஃபிலிப்பா வந்தா.

"பாருங்கம்மா, கவுன்சிலோட புது ஆபீஸுக்குக் கண்ணாடி போட இந்தச் சிவப்புக்காரங்ககிட்ட பணம் இருந்துது, பஸ்ஸுக்கு மட்டும் இல்லியாம்."

"ஆமா கண்ணு. என் ஓட்டு உனக்குத்தான். ஒரு காரு மட்டும் அனுப்பு."

"என்ன வின்னி, ரெண்டு பக்கமும் வாக்கு குடுத்துட்டியே?"ன்னேன்.

"நான் மட்டும் இல்ல, தெருவே குடுக்கப் போகுது."

அப்படியேதான் நடந்துச்சு. வயசானவங்க, முடியாதவங்க எல்லாரையும் அவ சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு டீயும் பிஸ்கட்டும் குடுத்துச் சொன்னா. "ரெண்டு கட்சியையும் காரு கேளுங்க. எங்க போகணுமோ அங்கெல்லாம் போங்க. ஓட்டுச் சீட்டுல யாருக்கும் குறி போடாதீங்க, எழுதுங்க. எண்ணும்போது செல்லாத சீட்டையெல்லாம் நிக்கறவங்களைக் கூப்பிட்டு ஒவ்வொண்ணா காட்டுவாங்க. ரெண்டு பேரும் நின்னு படிச்சே ஆகணும்."

"என்ன எழுதறது?"ன்னா எதுத்த வீட்டு மாவிஸ்.

"ஒன்பதாம் நம்பரை நிறுத்தினது யாருன்னு எழுது. வேற ஒண்ணும் வேண்டாம்."

"கெட்ட வார்த்தை எழுதலாமா?"

"தாராளமா எழுது. கேள்விக்கு அப்புறம்."

எலெக்‌ஷன் அன்னிக்கு விடியக்காலையில என் மக ஜானினுக்குப் பொண்ணு பொறந்துச்சு. எல்சி! என் மொதப் பேத்தி! போன்ல அது அழுத சத்தம் கேட்டேன், என்னால நிக்க முடியல, உக்கார முடியல. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னேன். ஃபிலிப்பாவே காரு ஓட்டிக்கிட்டு வந்தா, நெஞ்சுல கட்சி அடையாளமா பெரிய நீல ரிப்பன் பூ. ஓட்டுப் போடற சர்ச் ஹால்ல எழுத வேண்டியதை எழுதிட்டு வந்து மறுபடியும் கார்ல ஏறினேன்.

"வீட்டுக்குத்தானே?"

"ஆஸ்பத்திரிக்குக் கண்ணு. பேத்தி பொறந்திருக்கா. பஸ்ஸு இல்லியே."

ஹால் வாசல்ல அத்தனை பேரு பாத்துக்கிட்டு நிக்கறாங்க. அவ சிரிச்சா. எப்படிச் சிரிச்சாங்கறீங்க, பல்லு வலிக்காரி சிரிக்கற மாதிரி. கொண்டு போய் விட்டா. நான் வழியெல்லாம் மொகத்தைக் கடுகடுன்னு வச்சுக்கணும்னு நெனச்சேன், முடியல. எல்சி எவ்வளவு எடை, யாரு ஜாடை, எல்லாத்தையும் அவகிட்டயே சொன்னேன்.

மத்தியானத்துக்குள்ள சிவப்புக் காரு, நீலக் காரு எல்லாம் ஒன்பதாம் நம்பர் ரூட்டுலதான் ஓடுது. ஒருத்திக்குக் கண்ணு டாக்டரு, ஒருத்தனுக்கு மாத்திரை, மாவிஸுக்கு மார்க்கெட்டுல மீனு. கதவு தட்டி ஓட்டுக் கேக்கக் கட்சியில ஆளே மிச்சமில்ல.

வேலை முடிஞ்சு ஜனங்க வீடு திரும்பற நேரமா பாத்து வின்னி ரெண்டு பேருக்கும் போன் போட்டா. வேற காரு எதுவும் இல்லாததால ரெண்டு பேரும் நேர்லயே வந்தாங்க. கேட்டு முன்னாடி ஒருத்தரை ஒருத்தர் மொறைச்சாங்க.

"நான் ட்ரெவர் கார்ல வரேன். நீயும் ஏறு ஃபிலிப்பா, பின்னாடி எடம் இருக்கு. ஏறாட்டி என் ஓட்டு அவனுக்கு"ன்னா வின்னி. ஃபிலிப்பா பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏறினா. எல்சியை இன்னொரு தரம் பாக்கணும்னு நானும் ஏறிட்டேன்.

ஹாலுக்குப் போற வழியில விடல வின்னி. இல்லத்துக்கு ஓட்டச் சொன்னா. அங்க வாசல்ல நிறுத்தி, "இங்கதான் அவன் கெடந்தான். யாரு கை தூக்கினது?"ன்னா.

"லண்டன்லருந்து பணமே வரலம்மா..."

"ஆபீஸு கட்டினது இவங்கதான்..."

"நான் பணத்தைப் பத்திக் கேக்கல. கையைப் பத்திக் கேக்கறேன்."

ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அடுத்தவரைத்தான் சொன்னாங்க. வின்னி காரை விட்டு எறங்கல. நான் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பேத்தியைப் பாத்து, கொஞ்சி, திரும்பி வந்தேன். அப்பவும் சண்டை ஓயல. இருட்டப் போற நேரத்துலதான், "சரி, ஹாலுக்கு விடு"ன்னா. உள்ள ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டா. வெளிய வந்து, "நாளைக்குப் படிச்சுக்கோங்க"ன்னா.

மறுநாள் காலையில எண்ணினாங்க. எண்ணப் போயிருந்த மாவிஸ் மகதான் வந்து சொன்னா. கட்டுக் கட்டா அதே கேள்வி. அதிகாரி ஒவ்வொண்ணா நீட்ட, ரெண்டு பேரும் தலையைச் சேத்து வச்சுப் படிச்சு, "செல்லாது", "செல்லாது"ன்னு சொல்லிக்கிட்டே நின்னாங்களாம். அன்னிக்குக் கை தூக்கினதைத் தவிர வேற எதுலயும் அவங்க ஒத்துப்போய் யாரும் பாத்ததில்ல. ட்ரெவர் சொற்ப ஓட்டுல ஜெயிச்சான். செல்லாத ஓட்டு அதைவிட ஜாஸ்தி.

சனிக்கிழமை வந்தான், நெஞ்சுல ரிப்பன் இல்லாம. வின்னி கதவைப் பாதிதான் தொறந்தா.

"நான்தாம்மா கை தூக்கினேன்"ன்னான் மெதுவா.

"கேக்கல."

"நான்தான் கை தூக்கினேன்!"

தெருவுல கதவு ஒவ்வொண்ணா தொறந்துச்சு. அவன் கண்ணு கலங்கிடுச்சு. "மன்னிச்சிடுங்கம்மா"ன்னான்.

"அதை நான் கேக்கவே இல்லியே"ன்னா வின்னி. கதவைச் சாத்திட்டு, ஃபிலிப்பாவுக்கு போன் போடப் போயிட்டா.