கம்பத்தில் கட்டாத வள்ளங்கள்

மணமேல்குடிக்குத் தெற்கே பிரியும் தார்ச்சாலை, உப்போடைக் கரைக்கு வந்ததும் இனி உங்கள் பாடு என்பதுபோல் நின்றுவிடும். ஓடைக்கு அந்தப் பக்கம் இருப்பது பெரியதிட்டு. பெயரில்தான் பெரியது. நாற்பது சொச்சம் வீடுகள், ஒரு மாதா கோயில், ஒரு கருப்பர் கோயில், செல்போனுக்கு டவர் கிடைக்கும் ஒரே ஒரு பனைமரத்தடி. அந்த ஊரில் யாருக்கும் வீட்டு வாசலில் வண்டி நிறுத்தும் கொடுப்பினை கிடையாது. வள்ளத்தில் ஓடையைக் கடந்து, வள்ளத்தை இக்கரையில் கட்டிவிட்டு, வேப்பமரத்தடியில் காத்திருக்கும் பைக்கை எடுத்துக்கொண்டு வேலைக்கும் சந்தைக்கும் போவார்கள்.

ஷர்லி கீரனூர்ப் பக்கத்துப் பெண். பி.காம். படித்தவள். திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையின் பில் போடும் பிரிவில் இருந்தாள்; தினமும் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவாள். மாப்பிள்ளை தோஹாவில் ஏ.சி. மெக்கானிக், கடலோரத்தில் சொந்த வீடு என்று சொன்னபோது அவள் வீட்டில் எல்லாருக்கும் பிடித்துப்போனது. கடலோரம் என்றால் கடலுக்கு நடுவில் என்றும் அர்த்தம் வரும் என்பது கல்யாணத்தன்று, சீர்வரிசை பீரோவை வள்ளத்தில் ஏற்றும்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

கல்யாணமாகி நாலாவது வருஷம். புருஷன் பெலிக்ஸ் போனில் இருந்தான். மாமியார் இல்லை. வீட்டில் ஷர்லியும் மாமனார் இன்னாசியும் மட்டும். அவளுக்கு ஊரில் ஒரு வேலையும் இல்லை. 'பெலிக்ஸ் பொண்டாட்டி' என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு ஒரு பெயர் இருப்பது ரேஷன் கடைக்காரருக்கு மட்டும் தெரியும்.

அப்போதுதான் ஊராட்சி ஓடைக்கரைப் படகுத்துறையைச் சீரமைத்தது. இக்கரையில் தகரக் கொட்டகை ஒன்று எழும்பியது. ஓடையோரம் வரிசையாகச் சிமெண்டுக் கம்பங்கள் நட்டார்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் இரண்டே வரி: 'கொட்டகையில் நிறுத்தும் வாகனங்களுக்குக் கட்டணம் உண்டு. கம்பத்தில் கட்டும் வள்ளங்களுக்கு மாதச் சீட்டு உண்டு.' அங்கே உட்கார்ந்து சீட்டுக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்றதும், ஊராட்சிச் செயலர் அய்யப்பன் மகளிர் குழுவில் கேட்டார். கணக்குப் படித்தவள் என்று ஷர்லியைக் காட்டினார்கள்.

"சித்திரை கடைசி வரைக்கும் சோதனை முறைதாம்மா," என்றார் அய்யப்பன். "அதுக்குள்ள எல்லா வள்ளமும் சீட்டு எடுத்துட்டா ஒனக்கு நிரந்தரம். எடுக்கலன்னா வெளியூர் காண்ட்ராக்டருக்கு டெண்டர் போயிரும். அவன் இரும்புக் கேட்டு போடுவான், ஆளு போடுவான். அப்பறம் என்னய கேக்கக் கூடாது."

ஷர்லி தலையை ஆட்டினாள். அன்று மாலை பனைமரத்தடிக்குப் போய் பெலிக்ஸிடம், "எனக்கு வேலை கெடைச்சிருக்கு," என்று சொன்னாள். சொல்லிவிட்டு அதையே இன்னொரு முறையும் சொன்னாள். முதல் தடவை அவனுக்கு நன்றாகவே கேட்டிருந்தது.

வண்டிகளால் அவளுக்குப் பெரிய தொந்தரவு வரவில்லை. முதலில் எல்லாரும் கொட்டகைக்கு வெளியே, கொட்டகையின் நிழலில் நிறுத்தினார்கள். நிழலுக்கு யாரும் கட்டணம் போடவில்லையே! காலையில் மேற்கே விழுந்த நிழல் மத்தியானம் காணாமல் போனது. சாயங்காலம் வந்து பைக் சீட்டில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்கள். பங்குனி பிறப்பதற்குள் பைக்குகள் தாமாகவே உள்ளே வந்துவிட்டன. அந்த விஷயத்தில் சூரியன் ஷர்லியின் கட்சி.

வள்ளங்கள்தான் மசியவில்லை.

பெரியதிட்டுக்காரர்கள் வள்ளம் கட்டும் முறை ஒன்று உண்டு. தண்ணீர் வற்றும் நேரத்தில் அந்தத் துறையில் ஓர் இடத்தில்தான் ஆழம் நிற்கும்; மற்ற இடமெல்லாம் சேறு. அதனால் ஒரு வள்ளத்தைக் கரையில் கட்டி, அதோடு அடுத்ததை, அடுத்ததோடு அதற்கடுத்ததைக் கட்டுவார்கள். எருமை மந்தை தண்ணீரில் கிடப்பதுபோல் எல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடக்கும். கடைசியாகத் திரும்புகிறவர் வள்ளம் உள்ளே, முதலில் திரும்புகிறவர் வள்ளம் வெளியே. வந்து இறங்கும் ஒவ்வொருவரும், "எப்ப திரும்புவீங்க?" என்று கேட்டுத்தான் கயிற்றை எடுப்பார்கள். ஊராட்சி நட்ட கம்பங்களில் முதல் கம்பம் ஒன்றுதான் ஆழத்தைப் பார்த்து நின்றது. மற்றவை சேற்றைப் பார்த்து நின்றன. நட்டவர்கள் தண்ணீர் ஏறியிருந்த நேரத்தில் வந்திருக்க வேண்டும்.

அந்த முதல் கம்பத்தில் எப்போதும் கிடந்தது இன்னாசியின் வள்ளம். விடியும்போதே நண்டு வலையை இழுத்து, நண்டை வியாபாரியிடம் போட்டுவிட்டு, இக்கரை டீக்கடையில் உட்கார்ந்தால், உலகத்தில் நடக்கிற எல்லாவற்றுக்கும் ஒரு தீர்ப்புச் சொல்லாமல் அவர் எழுந்திருக்க மாட்டார். இருட்டுகிற நேரத்தில்தான் மருமகளை ஏற்றிக்கொண்டு வீடு திரும்புவார்.

ஷர்லி சீட்டுப் புத்தகத்தோடு முதலில் போய் நின்றது மீன்கார ஞானமணியிடம்.

"நான் எங்கத்தா கம்பத்துல கட்டுனேன்?" என்றாள் ஞானமணி, ஐஸ் பெட்டியைத் தலையில் ஏற்றியபடி. "மலையாண்டி வள்ளத்துலல்ல கட்டிருக்கேன். நல்லாப் பாரு."

மலையாண்டி பக்கத்திலேயே இருந்தான். "நான் ஒங்க மாமனார் வள்ளத்துல கட்டிருக்கேன், தங்கச்சி. போர்டுல என்ன எழுதியிருக்கு? கம்பம். நான் கம்பத்தத் தொட்டுக்கூடப் பாக்கல."

இப்படியே கேட்டுக்கொண்டு போனதில், அந்தத் துறையில் கட்டியிருக்கும் வள்ளம் ஒன்றே ஒன்றுதான் என்று முடிவானது. அதன் சொந்தக்காரரோ டீக்கடையில் இருந்தார்.

"எங்கிட்டயா சீட்டு?" இன்னாசி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "எம் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு எங்கிட்டயே வரி கேக்குறியா?"

"சோறு நான்தானே மாமா ஆக்குறேன்," என்றாள் ஷர்லி. அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. பேசினால் இந்த அளவில் நிறுத்திக்கொள்வாள்.

டீக்கடையில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: "ஒருத்தராச்சும் எடுத்தாத்தான் எனக்குப் பேரு, மாமா. சீட்டு எடுத்தா அந்தக் கம்பம் ஒங்க பேருல இருக்கும். வள்ளத்துல ஒண்ணாம் நம்பர்னு எழுதிருவேன்."

இன்னாசிக்கு 'பெயரில்' என்ற சொல் பிடித்திருந்தது. ஒண்ணாம் நம்பர் இன்னும் பிடித்திருந்தது. மறுநாள் அவர் வள்ளத்தின் மூக்கில் சிவப்புப் பெயிண்டில் 1 ஏறியது. அதோடு டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் முதல் கம்பத்தடிக்கு இடம் மாறியது.

இதையெல்லாம் ஷர்லி திட்டம் போட்டுத்தான் செய்தாள் என்று ஞானமணி இன்றைக்கும் சொல்கிறாள். உண்மையில் ஷர்லி ஒரு திட்டமும் போடவில்லை. என்ன நடக்கிறது என்று புரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டாள், அவ்வளவுதான்.

இன்னாசி யாரிடமும் காசு கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பார்கள். அவர் கேட்டதெல்லாம் மரியாதை. அவர் வள்ளத்தைத் தாண்டித்தானே எல்லாரும் கரைக்கு வர வேண்டும்? செருப்போடு தாண்டக் கூடாது. ஈர வலையை அதன் மேல் உதறக் கூடாது. மலையாண்டி வள்ளம் ஒழுகுகிறது. தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் அண்டவிட வேண்டும். இதற்கெல்லாம் மேலே, போகிறவர் எங்கே போகிறார் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அதைப் பற்றி அவர் கருத்துச் சொல்லுவார்.

"புதுக்கோட்டைக்கா? காலேஜுக்கா? அந்தப் படிப்பு வேணாம்னு சொல்லு. இப்புடித்தான் எங்க சித்தப்பன் மவன்..."

சித்தப்பன் மகனின் கதை முடியும்போது பஸ் போயிருக்கும்.

ஒருநாள் காலை ஞானமணி அவசரத்தில் கட்டிய முடிச்சை இன்னாசி பார்த்துவிட்டு, "இது முடிச்சா? கட்டுன மாட்டுக்கே வெக்கமா இருக்கும். அவுத்துட்டு ஒழுங்காக் கட்டு," என்றார். அவிழ்த்துக் கட்டினாள். "இன்னம் சரியில்ல," என்றார். மறுபடியும் கட்டினாள். மணமேல்குடி பஸ் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பியது. ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் அவள் தோளில் சொட்ட ஆரம்பித்தது.

ஞானமணி நேரே கொட்டகைக்கு வந்தாள். பெட்டியை ஷர்லியின் மேசை மேலேயே இறக்கினாள்.

"ஒரு சீட்டுப் போடு ஆத்தா. கவுருமெண்டுக்குக் கூடக் குடுத்துருவேன், ஒங்க மாமங்கிட்ட பாடம் படிக்க என்னால முடியாது."

"ஒங்க வள்ளம்தான் கம்பத்துல கட்டலையே அத்தை," என்றாள் ஷர்லி, முகத்தை நிமிர்த்தாமல்.

"குசும்பு புடிச்சவ. போடுடி."

அந்த வாரத்துக்குள் மலையாண்டி வந்தான், அவன் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். 2, 3, 4 என்று வள்ளங்களின் மூக்கில் சிவப்பு எண்கள் ஏறின. சீட்டு எடுத்தவர்களுக்கு உடனே ஒரு கவலை வந்துவிட்டது: எடுக்காதவன் ஓசியில் நிறுத்திவிடுவானே! பலகையை மாற்றச் சொல்லி அவர்களே நச்சரித்தார்கள். ஷர்லி அய்யப்பனிடம் கேட்டுவிட்டு, 'கம்பத்தில் கட்டும்' என்பதை அழித்து, 'துறையில் நிற்கும்' என்று எழுதினாள். சீட்டில்லாத வள்ளம் துறையை விட்டு அகற்றப்படும் என்று ஒரு வரியையும் சேர்த்தாள். ஊரே நின்று, எழுத்து கோணாமல் இருக்க யோசனை சொன்னது. கட்டும் முறை மட்டும் மாறவில்லை. சேற்றைப் பார்த்த கம்பங்களில் கொக்குகள் உட்கார்ந்தன.

இன்னாசியின் நாற்காலி டீக்கடைக்குத் திரும்பிப் போனது. சீட்டு வைத்திருப்பவன் செருப்போடு தாண்டினாலும் கேட்க முடியாதாம். வீட்டில் அவர் மருமகளிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார். உப்புக் குறைவு என்று மட்டும் சொல்லுவார், குறையாத நாளிலும்.

சித்திரை மாதத்துக்கு எல்லாரும் சீட்டைப் புதுப்பித்தார்கள். அவர் மட்டும் புதுப்பிக்கவில்லை. இன்று எடுப்பார், நாளை எடுப்பார் என்று ஷர்லி பார்த்துக்கொண்டே இருந்தாள். சித்திரையின் கடைசி வெள்ளிக்கிழமை மத்தியானம் அய்யப்பன் வந்து இறங்கினார். பார்த்தால், ஒண்ணாம் நம்பர் வள்ளம் கம்பத்தைத் தொடாமல், எல்லாவற்றுக்கும் வெளியே, ஞானமணி வள்ளத்தில் கட்டிக் கிடந்தது.

"எல்லாத்துக்கும் சீட்டு இருக்காம்மா?" என்றார் அய்யப்பன்.

ஷர்லி பதில் சொல்லுமுன் மலையாண்டி முந்தினான். "ஒண்ணத் தவிர இருக்கு சார். மாமனாருக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமான்னு நாங்களும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்."

அவன் விளையாட்டாகச் சொன்னதுபோல்தான் இருந்தது. ஆனால் சுற்றி நின்ற ஒருவரும் சிரிக்கவில்லை. இவரை விட்டால் அடுத்த மாதம் ஒரு வள்ளமும் சீட்டு எடுக்காது என்பது ஷர்லிக்குத் தெரிந்தது. அய்யப்பனுக்கும் தெரிந்தது. திங்கட்கிழமை டெண்டர் என்று அவர் முகமே சொன்னது.

அவள் டீக்கடைக்குப் போனாள்.

"மாமா, சீட்டு எடுங்க. இல்லன்னா வள்ளத்த எடுங்க."

"போர்ட மாத்துனது நீ. நான் ஒத்துக்கிட்டேனா?"

"ஊரே ஒத்துக்கிச்சு."

"ஊருக்கெல்லாம் நம்பர் குடுத்துட்டியே, அப்பறம் நான் ஒருத்தன் எதுக்கு? எடுக்க மாட்டேன். வேணும்னா நீயே எடு பாப்பம்."

இன்னாசி அதைச் சும்மா வாய்க்குச் சொன்னார். கீரனூர்ப் பெண் வள்ளம் தள்ளியதை யார் பார்த்திருக்கிறார்கள்? ஷர்லி திரும்பி நடந்தாள். செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு, வள்ளம் வள்ளமாகத் தாண்டி, கடைசி வள்ளத்தின் கயிற்றை அவிழ்த்தாள். மூங்கில் கழியை எடுத்து ஊன்றினாள். வள்ளம் போக வேண்டிய பக்கம் போகாமல் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு ஊன்று. இன்னொரு சுற்று.

"வடக்க தள்ளு தாயி! வடக்க!"

"அது தெக்கு!"

"கழிய விட்ராத, கழிய விட்ராத!"

இன்னாசி டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்தார். துறையின் எல்லைக்கல்லைத் தாண்டிய இடத்தில் வள்ளம் போய்ச் சொருகியது. தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த நேரம். ஷர்லி முழங்கால் சேற்றோடு இறங்கி வந்து, அய்யப்பன் முன்னால் நின்றாள்.

"துறையில இருக்க வள்ளத்துக்கெல்லாம் சீட்டு இருக்கு சார்."

அய்யப்பன் எல்லைக்கல்லைப் பார்த்தார், சேற்றில் சாய்ந்து கிடந்த வள்ளத்தைப் பார்த்தார். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். "சேந்திரும்மா, திங்கக்கெழம வந்து ஆர்டர வாங்கிக்க," என்று எப்படியோ சொல்லிவிட்டு ஜீப்புக்குப் போனார்.

இன்னாசி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கித் தள்ளிப் பார்த்தார். வள்ளம் அசையவில்லை. இனித் தண்ணீர் ஏறினால்தான் ஆயிற்று. மேலே ஏறி வந்து, டீக்கடைக் கல்லாவில் கடன் சொல்லி வாங்கிய பணத்தை ஷர்லியின் மேசையில் வைத்தார்.

"கயிறக் கட்ட ஒரு எடம் வேணுமில்ல. போடு."

அவள் போட்டுக் கொடுத்தாள். அவர் சீட்டை வாங்கி, எண் சரியாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பையில் வைத்தார்.

பொழுது சாய்ந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கயிற்றை அவிழ்த்தார்கள். ஞானமணி வள்ளத்தில் நின்றபடி கூப்பிட்டாள். "ஷர்லி, வந்து ஏறு. அந்த மனுசன் தண்ணி வந்ததும் வரட்டும்."

"நீங்க போங்க அத்தை. நான் மாமாவோட வாரேன்."

கொட்டகைக்குள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஷர்லி மத்தியானம் சாப்பிடாமல் விட்ட தூக்குச்சட்டியைத் திறந்து, மூடியில் பாதியை வைத்து அவர் பக்கம் தள்ளினாள். இன்னாசி ஒரு வாய் சாப்பிட்டார்.

"கழியப் புடிக்கிற லெச்சணத்தப் பாத்தேன்," என்றார். "வெளக்கமாத்தப் புடிச்ச மாதிரி."

ஷர்லி இன்னும் கொஞ்சம் குழம்பை அவர் பக்கம் ஊற்றினாள்.