பின் சீட் காலி

மகாதேவன் சாரைப் பற்றி நான் முதலில் எழுதியது ஒரு புகார்க் கடிதம். ஆங்கிலத்தில், நன்றாகவே எழுதியிருந்தேன். பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். தமிழில் இப்போது எழுதுவதைப் பரிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில், டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில் எங்கள் குடியிருப்புக்கு வரும் மஞ்சள் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவர் அவர். ஐம்பத்து மூன்று வயது. ஜப்பானில் நகோயா நகரத்தில் ஒன்பது வருடம் ரயில் சிக்னலுக்கு மென்பொருள் எழுதியவர். டெக்சாஸ் வந்து, மூன்று வருடத்துக்கு முன் வேலை போனதும், வேறு கம்பெனி தேடாமல் பேருந்து ஓட்ட உரிமம் எடுத்துவிட்டார். "முப்பது வருஷம் ஸ்கிரீனயே பாத்துட்டேன் ஹாஜா. இனிமே ரோட்ட பாக்கறேன்" என்பார். எஞ்சினியர் பஸ் ஓட்டுவதே எங்கள் ஆட்களுக்குச் செரிக்கவில்லை. அதிலும் அவர் சும்மா ஓட்டினாரா?

நிறுத்தத்தில் வண்டி நின்றதும் வலது கையை விறைப்பாக நீட்டுவார். ஆட்காட்டி விரலால் கண்ணாடியைச் சுட்டி, "வலது கண்ணாடி, யாரும் இல்ல. யோஷி!" என்று சத்தமாகச் சொல்வார். அடுத்து இடது கண்ணாடி. அடுத்து கதவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல், ஒரு யோஷி. ஜப்பான்காரர்கள் மொழியில் அதற்குச் 'சரி' என்று அர்த்தமாம். தெருவில் நிற்கும் நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வானத்தைப் பார்ப்போம்.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகன் நிஹால் வீட்டில் அச்சு அசலாக நடித்துக் காட்டுவான். நானும் சேர்ந்துகொண்டேன். எங்கே காரை நிறுத்தினாலும் இறங்கியதும் இருவரும் பின் இருக்கையைப் பார்த்து விரல் நீட்டி, "பின் சீட் காலி, யோஷி!" என்று கத்திவிட்டுச் சிரிப்போம். ஒரு மாதம் இதே கூத்து.

"ஒரு மனுஷன கிண்டல் பண்றதுக்குப் புள்ளைக்கு ட்ரெய்னிங் வேற குடுக்கறீங்களா?" என்று என் மனைவி நசீமா முறைத்தாள். பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். அவள் முறைத்தால் எனக்குப் பல் கூசும். ஆனாலும் நிறுத்தவில்லை.

குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவை நடத்துகிற வெள்ளியங்கிரிதான் ஆரம்பித்தார். "ஏனுங், வேலை போனதுல அவருக்கு மனசு பாதிச்சுருக்குமாட்ட இருக்குதுங்க. ஸ்கூல்ல குழந்தைகள இறக்கிவுட்டுட்டு, காலி சீட்டுக கிட்ட நின்னு பேசறாராமா. நம்ம பசங்க அந்த பஸ்லதான போறாங்க?" ஒருவர் அனுமார் கோயிலில் அவர் பேருக்கு அர்ச்சனை செய்யலாம் என்றார். இன்னொருவர் டாக்டர் பெயர் அனுப்பினார். அவரிடமே போய் ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத்தான் நல்ல ஆங்கிலம் வருமே, உட்கார்ந்து எழுதினேன். ஓட்டுநர் தனக்குத்தானே பேசுகிறார், அவருடைய மனநிலையைப் பரிசோதிக்க வேண்டும், அதுவரை வேறு ஓட்டுநரைப் போட வேண்டும்.

கடிதம் போய்ச் சேர்ந்ததும், பள்ளிப் பேருந்துகளுக்குப் பொறுப்பான போக்குவரத்து அதிகாரி வியாழக்கிழமை மாலை பள்ளி நூலகத்தில் கூட்டம் வைத்தார். புகாரில் உண்மை இருக்கிறது என்று அவருக்குப் பட்டால் மகாதேவன் சாரின் கையிலிருந்து பேருந்து போய்விடும். அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

செவ்வாய்க்கிழமை வந்தது.

வழக்கமாக எங்கள் ஒன்றரை வயது மகள் ஆஃபீஃபாவை டேகேரில் விடுவது நசீமா. அன்று அவளுக்குச் சீக்கிரமே வேலை. நான் விட வேண்டும். பின் இருக்கையில் பின்பக்கம் பார்த்த குழந்தை நாற்காலியில் ஆஃபீஃபா இரண்டே நிமிடத்தில் தூங்கிப்போனாள். எனக்கு ஆபீஸ் கால் வந்தது. எவனோ ஒருவன் சர்வர் விழுந்துவிட்டது என்று புலம்பினான். பேசிக்கொண்டே ஓட்டினேன். டேகேருக்குத் திரும்பும் சிக்னலைத் தாண்டியது எனக்குத் தெரியாது. நேராக அலுவலக வாகன நிறுத்தத்துக்குப் போய், காரை அணைத்து, இறங்கிக் கதவைச் சாத்தினேன். காதில் இன்னும் போன். அன்று வெயில் நூற்று மூன்று டிகிரி ஏறும் என்று சொல்லியிருந்தார்கள்.

என் வலது கை தானாக எழுந்தது. விரல் பின் கண்ணாடியை நோக்கி நீண்டது. வாய் தானாக, "பின் சீட்..." என்றது.

விரல் நுனிக்கு நேரே இளஞ்சிவப்புக் காலுறை போட்ட ஒரு சின்னக் கால்.

போன் கீழே விழுந்தது. கதவைப் பிடுங்கித் திறந்தேன். அவள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை மார்போடு அணைத்துக்கொண்டு கொதிக்கிற தார்த் தரையில் உட்கார்ந்து அழுதேன். யா அல்லாஹ், யா அல்லாஹ் என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். நான் கேடு நினைத்த மனிதரின் விரலை அல்லவா அல்லாஹ் எனக்குக் கடன் கொடுத்திருந்தான்!

இரவு நசீமாவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. தூங்கும் குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "லெட்டர வாபஸ் வாங்கிடறேன், ஒரு லைன் போதும்" என்றேன்.

"ஊருக்கே தெரியற மாதிரிதான எழுதுனீங்க? ஊருக்கே தெரியற மாதிரி சொல்லுங்க."

அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். கிரீன் கார்டு வரிசையில் பதினோரு வருடமாக நிற்பவன் நான். பிள்ளையைக் காரில் தனியே விட்டால் இங்கே போலீஸ் கேஸ்; பெற்ற பிள்ளையைக் காரில் மறந்தேன் என்று அதிகாரி முன்னால் எப்படிச் சொல்வது? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை கூட்டத்தில் அதிகாரியம்மா பேருந்துக்குள் இருக்கும் கேமரா பதிவைத் திரையில் ஓடவிட்டார். பிள்ளைகள் எல்லோரும் இறங்கிவிட்ட பேருந்து. மகாதேவன் சார் மட்டும் பின்னால் நடக்கிறார். ஒவ்வொரு இருக்கையாகக் குனிந்து அடியில் பார்க்கிறார். நிமிர்கிறார். விரல் நீட்டுகிறார். "பன்னெண்டு, காலி, யோஷி." அடுத்தது பதின்மூன்று. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரியம்மா வேறொரு நாளைப் போட்டார். மழை நாள். பிறகு போன ஜனவரியில் பனி உறைந்திருந்த நாள். அவர் இருமிக்கொண்டிருக்கிறார். ஆனால் அதே நடை, அதே குனிவு, அதே விரல். ஒரு இருக்கைகூட விடவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டார் அதிகாரி.

மகாதேவன் சார் எழுந்தார். நகோயாவுக்குப் போன முதல் வாரம் ரயிலின் முன் பெட்டியில் நின்றிருந்தாராம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓட்டுநர் தனியாக, வெள்ளைக் கையுறை போட்ட கையை நீட்டி ஒவ்வொரு சிக்னலையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினாராம். "கண் பார்த்ததாக மனசு பொய் சொல்லும். கையும் வாயும் சேர்ந்தால் பொய் சொல்ல முடியாது. அந்த ஓட்டுநரை யாரும் கவனிக்கவில்லை அம்மா. அப்போதும் செய்தார். அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்" என்று அவருடைய நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார்.

ஐந்து வேளை தொழுகையில், உட்கார்ந்து அத்தஹிய்யாத் என்ற துதியை ஓதும்போது நானும்தான் ஒரு விரலை நீட்டுகிறேன். எத்தனை முறை மனசு விரலோடு இருந்திருக்கிறது? இந்த மனிதர் காலி இருக்கையின் முன் நின்ற நிலையில் எனக்குத் தொழுகை தெரிந்தது.

எழுந்தேன். செவ்வாய்க்கிழமை நடந்ததை, சர்வர், சிக்னல், காலுறை, எதையும் விடாமல் சொன்னேன். அந்தப் புகாரை எழுதியவன் நான்தான் என்பதையும் சொன்னேன். பின்வரிசையில் நசீமா ஆஃபீஃபாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெள்ளியங்கிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திங்கட்கிழமையும் அதே பேருந்து, அதே பாதை, அதே ஓட்டுநர் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

வெளியே போய் மகாதேவன் சாரின் கையைப் பிடித்தேன். "மன்னிச்சிடுங்க சார்" என்றேன்.

அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "கதவ சாத்துறதுக்கு முன்னாடி கை நீட்டுனீங்களா, சாத்தினப்புறமா?" என்றார்.

"சாத்தினப்புறம் சார்."

"தப்பு ஹாஜா. முன்னாடி நீட்டணும். லாக் ஆயிடுச்சுன்னா சாவி தேடவே ரெண்டு நிமிஷம் ஆவும்." பிறகு என் தோளைத் தட்டிவிட்டுத் தன் பழைய காருக்குப் போனார். அங்கும் பின் இருக்கைக்கு நேரே ஒரு விரல் நீண்டது.

எங்கள் காரில் ஆஃபீஃபாவை உட்கார வைத்துப் பட்டையை மாட்டினேன். நசீமாவும் நிஹாலும் ஏறிவிட்டார்கள். நான் கதவைச் சாத்தவில்லை. விரலை நீட்டினேன். பதினான்கு கையெழுத்துக்காரர்களும் அந்த வாகன நிறுத்தத்தில்தான் நின்றார்கள்.

"பின் சீட்டுல ஆஃபீஃபா," என்றேன். "இருக்கா."

முன் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்க்காமலே நசீமா சொன்னாள்: "யோஷி."